ஆஞ்சலா பியாட்சாவின் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும்

அமெரிக்க மாஃபியாவின் வரலாறு என்று எடுத்தால் பெரும்பாலானவர்கள் 1931இல் தொடங்குவார்கள். லக்கி லூசியானோ, ஐந்து குடும்பங்கள், கமிஷன் என்று கதை அங்கிருந்து வேகம் பிடிக்கும். என்னைக் கேட்டால் 1872இல் தொடங்க வேண்டும். சிசிலியின் உட்பகுதியில் கோர்லியோனே என்ற ஊரில் அந்த வருடம் கலோஜெரோ மொரெல்லோ என்பவர் இறந்துபோகிறார். அவர் மனைவி ஆஞ்சலா பியாட்சாவுக்குக் கையில் சின்னப் பிள்ளைகள். மூத்தவன் ஜுசெப்பேவுக்கு அப்போது ஐந்து வயது. பிறக்கும்போதே அவனுக்கு வலது கை ஊனம், ஒரே ஒரு விரல்தான் உருப்படியாக இருந்தது.

அடுத்த வருடமே ஆஞ்சலா மறுமணம் செய்துகொள்கிறார். மாப்பிள்ளை அதே ஊர்க்காரர், பெர்னார்தோ தெர்ரனோவா. இந்த இரண்டாவது கல்யாணத்தில் லூசியா, சால்வாத்ரீச்சே என்று இரண்டு பெண்களும், வின்சென்சோ, சிரோ, நிக்கோலோ என்று மூன்று பையன்களும் பிறந்தார்கள். நியூயார்க்கில் மாஃபியா என்று சொல்லத்தக்க முதல் குடும்பம் இந்த ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலிருந்துதான் முளைத்தது. ஜுசெப்பே மொரெல்லோ தலைவர், தெர்ரனோவா தம்பிகள் மூவரும் அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தவர்கள். தகப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இவர்கள் இரண்டு குடும்பமாகத் தெரிவார்கள். தாயைப் பிடித்தால்தான் ஒரே வீடு என்று புரியும்.

சிசிலி ஊர்களின் பதிவேடுகளோடு நான் இரவுகளைக் கழிக்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். இந்த ஆட்களைப் பற்றிய புத்தகங்களில் துப்பாக்கிகளும் பணமும் நிறைய இருக்கின்றன. யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது ஓர் அடிக்குறிப்பாக ஒதுங்கிக் கிடக்கும். எனக்கு அந்த அடிக்குறிப்புதான் கதை.

மொரெல்லோ 1892 வாக்கில் அமெரிக்கா போனார். கள்ள நோட்டு விவகாரமும், கோர்லியோனேயில் வயல் காவலர்களின் தலைவர் ஜோவான்னி வெல்லா 1889இல் கொல்லப்பட்ட வழக்கும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தன. 1893இல் அம்மா, மாற்றுத் தகப்பன், தம்பி தங்கைகள் எல்லோரும் பின்னாலேயே கப்பல் ஏறினார்கள். நியூயார்க்கில் வேலை கிடைக்காமல் லூசியானாவின் கரும்புத் தோட்டங்களுக்கும், அங்கிருந்து டெக்சாஸில் பிரையன் என்ற ஊரின் பருத்திக் காடுகளுக்கும் கூலிக்குப் போனார்கள். மலேரியா குடும்பத்தையே படுக்கப் போட்டபிறகு நியூயார்க்குக்கே திரும்பிவிட்டார்கள். லட்சக்கணக்கான சிசிலிக்காரர்கள் பட்ட அதே பாடுதான். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் கடைசிவரை உழைத்துத்தான் சாப்பிட்டார்கள். இந்த வீட்டுப் பையன்கள் வேறு வழியில் போனார்கள்.

மொரெல்லோ கும்பலை நியூயார்க் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது 1903 ஏப்ரல் 14 காலையில். மன்ஹாட்டன், கிழக்கு 11ஆம் தெரு. நடைபாதையோரம் ஒரு மரப் பீப்பாய், மேலே ஒரு மேல்கோட்டு போர்த்தியிருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு துப்புரவுப் பெண் கோட்டை விலக்கிப் பார்க்கிறார். உள்ளே கழுத்து அறுபட்ட ஓர் ஆணின் உடல், மடித்துத் திணித்த நிலையில். பீப்பாயின் அடியில் மரத்தூள், அதில் வெங்காயத் தோலும் சுருட்டுத் துண்டுகளும். பீப்பாயில் இருந்த முத்திரையை வைத்து அதை விற்ற மளிகைக் கடையைப் பிடித்தார்கள். அங்கிருந்து எலிசபெத் தெருவில் மொரெல்லோ ஆட்கள் கூடும் ஒரு பலகாரக் கடைக்குத் தடம் போனது.

கள்ள நோட்டுக்காக மொரெல்லோ கும்பலைக் கண்காணித்துக்கொண்டிருந்த அமெரிக்க அரசின் ரகசியப் பிரிவு அதிகாரிகள், செத்தவர் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டார்கள். முந்தின நாள்தான் அந்தக் கும்பலோடு அவரைப் பார்த்திருந்தார்கள். ஆனால் பெயர் தெரியாது. யார், எந்த ஊர், எதற்கு வந்தார் என்று ஒன்றும் தெரியாது.

அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவர் ஜோ பெத்ரோசினோ. நியூயார்க் போலீஸில் இத்தாலியர்களின் வழக்குகளை ஓடி ஓடிப் பார்த்த துப்பறிவாளர், தெற்கு இத்தாலியின் பதூலாவில் பிறந்தவர். அவர் இறந்தவரின் படத்தை எடுத்துக்கொண்டு சிங் சிங் சிறைக்குப் போனார். கள்ள நோட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட ஜுசெப்பே தெ ப்ரீமோ என்ற மொரெல்லோ ஆள் அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் தெ ப்ரீமோவுக்கு முகம் மாறிவிட்டது. அது அவருடைய சகோதரியின் கணவர், பஃபலோவில் குடியிருந்த பெனெதெத்தோ மதோனியா. சிறையில் இருக்கும் மைத்துனனுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கத்தான் மதோனியா நியூயார்க் வந்தார், அதில்தான் மொரெல்லோவோடு மோதல் முற்றியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கும்பல் தன் ஆட்களை உறவால் கட்டி வைத்திருந்தது. அதே உறவுக் கயிற்றைப் பிடித்துத்தான் போலீஸும் உள்ளே நுழைந்தது. மதோனியாவின் மலிவான சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று அடகுக் கடையில் கிடந்தது. அடகுச் சீட்டு தோமாசோ பெத்தோ என்ற முரடனின் பையில் இருந்தது. அந்தக் கடிகாரம் இன்னாருடையது என்று சொன்னது மதோனியா மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளை. இங்கேயும் உறவுதான் சாட்சி. ஆனால் விசாரணை மன்றத்தில் ஏறியதும் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பேசினால் குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெத்தோ வெளியே வந்தார். 1905இல் பென்சில்வேனியாவில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மதோனியா கொலைக்கு யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

ஏப்ரலில் கும்பலே கூண்டோடு கைதானது. டிசம்பரில் அதே வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது. முதல் மனைவியை இழந்திருந்த மொரெல்லோ, கோர்லியோனேயிலிருந்து வந்த லீனா சலேமியை மணந்தார். அவருடைய தாய்வழித் தங்கை சால்வாத்ரீச்சே தெர்ரனோவாவை இக்னாசியோ லூப்போவுக்குக் கொடுத்தார்கள். லூப்போ பலேர்மோக்காரர். அங்கே ஒரு கொலைக்குப் பிறகு தப்பி வந்தவர், லிட்டில் இத்தாலியில் பெரிய மளிகை வியாபாரி. கோர்லியோனே ஆட்களும் பலேர்மோ பணமும் சேர்ந்தது இந்தக் கல்யாணத்தில்தான். அதுவரை கூட்டாளியாக இருந்தவர் அன்றிலிருந்து வீட்டு மாப்பிள்ளை.

லூப்போ விஷயத்தில் ஒரு பழைய குழப்பம் உண்டு. நெடுங்காலம் பல புத்தகங்கள் அவருடைய உண்மையான பெயர் இக்னாசியோ சாயெத்தா என்றும், ஓநாய் என்ற பொருளில் லூப்போ என்பது பட்டப்பெயர் என்றும் எழுதிவந்தன. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதும். அவருடைய பெற்றோரைத் தேடிப் போனவர்களுக்கு விடை எளிதாகக் கிடைத்தது. தகப்பன் ரொக்கோ லூப்போ, தாய் ஒனோஃப்ரியா சாயெத்தா. லூப்போதான் குடும்பப் பெயர், சாயெத்தா தாய் பிறந்த வீட்டுப் பெயர். தாய் யார் என்று பார்க்காததால் ஒரு மனிதனின் பெயரையே பல பத்தாண்டுகள் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குழப்பங்கள் ஏன் வருகின்றன என்று புரிய அந்தப் பதிவேடுகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சிசிலியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதிவது 1820இல் தொடங்கிவிட்டது. இன்று அவற்றில் ஏராளமான பக்கங்கள் படமாக்கப்பட்டு இணையத்தில் கிடக்கின்றன. இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் அன்தெனாத்தி தளமும் ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம். ஒரு பிறப்புப் பதிவு என்றால் அச்சடித்த படிவம், நடுநடுவே எழுத்தர் கையால் நிரப்பிய இடங்கள். தேதி, மணி, வயது எல்லாம் எண்ணில் இருக்காது, எழுத்தில் இருக்கும். தகப்பன் பெயர், வயது, தொழில், வீடு இருக்கும் தெரு. பிறகு, இன்ன பெண்ணிடம் இந்தக் குழந்தை பிறந்தது என்ற வரி. அந்த வரியில் தாய் தன் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். இரண்டு சாட்சிகள். கடைசியில் பல பக்கங்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: வந்தவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அதிகாரி மட்டும் கையெழுத்திட்டார். சில பதிவுகளின் ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில், அந்தக் குழந்தை வளர்ந்து யாரை எப்போது கல்யாணம் செய்தது என்று எழுதிச் சேர்த்திருப்பார்கள். அப்படி ஒரு ஓரக்குறிப்பு கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. அந்த ஒரு வரி இரண்டு வீடுகளை இணைத்துவிடும்.

சிசிலியில் பெண் கல்யாணமானாலும் சாகும்வரை தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் ஆவணங்களில் இருப்பாள். இத்தாலியக் கப்பல்களின் பயணிப் பட்டியலிலும் அப்படியே எழுதுவது வழக்கம். அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் அவளைக் கணவன் பெயரில் எழுதிவிடுவார். முதல் தாரத்துப் பிள்ளைகளையும் சில சமயம் மாற்றுத் தகப்பன் பெயரிலேயே சேர்த்துவிடுவார். அக்கரையில் பியாட்சா, இக்கரையில் தெர்ரனோவா. நூல் அறுபடுவது இந்த இடத்தில்தான். தெர்ரனோவா சகோதரர்களில் கடைக்குட்டி நிக்கோலோவோ அண்ணன் பெயரைப் போட்டுக்கொண்டு நிக் மொரெல்லோ என்றே பத்திரிகைகளில் வாழ்ந்தார். அவர் மொரெல்லோவின் சொந்தத் தம்பி என்றே பலரும் எழுதினார்கள்.

இதற்கு மேல் பெயர் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர், அடுத்ததற்கு அம்மா வீட்டுப் பக்கம். மொரெல்லோ தன் மகனுக்கு வைத்த பெயர் கலோஜெரோ, 1872இல் இறந்த தன் தகப்பன் பெயர். அந்தப் பையனும் 1912இல் பதின்ம வயதிலேயே நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டான். இந்த முறை ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி, ஒரு குழந்தையின் பெயரை வைத்துத் தாத்தா பெயரை ஊகிக்கலாம். அதே அளவுக்குத் தொல்லையும்கூட. ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் இருந்தால், அந்த ஐந்து பேரும் தங்கள் மூத்த பையனுக்கு ஒரே பெயரை வைப்பார்கள். ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே பெயரில் ஐந்து பேர். பெற்றோர் பெயர்கள்தான் இவர்களைப் பிரித்துக் காட்டும். பியட்ரோ மகதீனோ என்ற பெயரைத் தேடினால் குறைந்தது மூன்று பேர் வருவார்கள். சிசிலியில் கொல்லப்பட்ட ஒருவர், பஃபலோ தலைவர் ஸ்டெஃபானோ மகதீனோவின் மகன் ஒருவர், பிற்காலத்தில் நியூயார்க் தலைவர் ஜோ போனானோவோடு நின்ற உறவினர் ஒருவர்.

அரசுப் பதிவேட்டில் வராத உறவும் உண்டு. ஞானஸ்நானத்தின்போது யார் ஞானத்தகப்பனாக நின்றார் என்பது கோயில் பதிவேட்டில்தான் இருக்கும். ஞானத்தகப்பனும் பெற்ற தகப்பனும் அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள்தான், அந்த முறையை மீறுவது பெரும் பாவம் என்று கருதினார்கள். ரத்தமும் இல்லாமல் பெண் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் இரண்டு பேர் ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்று புரியாத இடங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

சரி, உறவு எதற்கு இவ்வளவு முக்கியம்? தொழில் அப்படி. கள்ள நோட்டு அடிப்பதற்கு அச்சுக்காரர் வேண்டும், காகிதம் வாங்குபவர் வேண்டும், நோட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய் மாற்றுபவர் வேண்டும். இவர்களில் ஒருவர் வாய் திறந்தாலும் எல்லோரும் உள்ளே. ஒப்பந்தம் எழுதி நீதிமன்றம் போக முடியாத தொழிலில், ஏமாற்றினால் ஓடி ஒளிய முடியாதவன் யார்? உன் அம்மாவுக்கும் அவன் அம்மாவுக்கும் ஒரே தெரு என்றால், உன் தங்கை அவன் வீட்டில் வாழ்கிறாள் என்றால், அவன் எங்கே போவான்? பாசத்தைவிட இந்தப் பிணை பலமானது.

மொரெல்லோ இதே ஊர்ப்பற்றை வெளிப்படையான வியாபாரத்துக்கும் பயன்படுத்தினார். 1902இல் இக்னாட்ஸ் ஃப்ளோரியோ என்ற பெயரில் கோர்லியோனேக்காரர்களுக்கான கூட்டுறவுக் கட்டடச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டுப் பங்கு வாங்கினார்கள், பிராங்க்ஸில் வீடுகள் எழும்பின. 1907 நிதி நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. நஷ்டம் அந்தக் கூலிக்காரர்களுக்கு. லூப்போவின் மளிகைக் கடையும் 1908இல் திவாலானது. பணத்துக்கு வழியில்லாமல் நியூயார்க்குக்கு வடக்கே ஹைலேண்டில் ஒரு பண்ணை வீட்டில் மறுபடி கள்ள நோட்டு அச்சடித்தார்கள். அங்கே அச்சுக்காரராக மாட்டிக்கொண்ட அந்தோனியோ கொமீத்தோ இவர்களுக்குச் சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை, கலாப்ரியாக்காரர். கடைசியில் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொன்னது அவர்தான். 1910இல் மொரெல்லோவுக்கு 25 வருடம், லூப்போவுக்கு 30 வருடம், அட்லாண்டா மத்தியச் சிறை.

1909 நவம்பரில் மொரெல்லோ வீட்டைச் சோதனை போட்டபோது நடந்ததை, வழக்கை நடத்திய நியூயார்க் ரகசியப் பிரிவுத் தலைவர் வில்லியம் ஃப்ளின் எழுதியிருக்கிறார். லீனா கைக்குழந்தையோடு நிற்கிறார். அதிகாரிகளுக்குச் சந்தேகம். குழந்தையின் துணிக்குள் கடிதங்கள் செருகப்பட்டிருந்தன, மிரட்டிப் பணம் கேட்கும் கடிதங்கள். அந்த ஒரு காட்சிக்காகவாவது, பெண்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் சமையற்கட்டோடு நின்றுவிட்டார்கள் என்ற பழைய பாட்டை நிறுத்த வேண்டும். லீனா குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவருக்கு மறுக்கும் வழி இருந்ததா என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவர் அங்கே இருந்தார், நடப்பதை அறிந்திருந்தார், கையில் இருந்ததைக் காப்பாற்றப் பார்த்தார்.

அண்ணனும் மாப்பிள்ளையும் சிறையில். தம்பிகள் ஈஸ்ட் ஹார்லெமைப் பிடித்துக்கொண்டார்கள். நிக் ஆற்றல் மிக்கவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1916 செப்டம்பர் 7 அன்று சமாதானம் பேச வரச்சொல்லி புரூக்ளினுக்கு அழைத்து, நேப்பிள்ஸ் வழிவந்த நேவி தெருக் கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. வின்சென்சோவை 1922 மே மாதம் கிழக்கு 116ஆம் தெருவில் கொன்றார்கள். 1920இல் விடுதலையாகி வந்த மொரெல்லோ, புதிய தலைவர் ஜோ மாசேரியாவுக்கு ஆலோசகராக இருந்து, 1930 ஆகஸ்ட் 15 அன்று அதே தெருவில் தன் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். படுக்கையில் இறந்த சகோதரர் சிரோ மட்டும்தான், 1938இல், அதிகாரமெல்லாம் போன பிறகு. லூப்போ 1947 வரை இருந்தார்.

கோர்லியோனேயை விட்டு காஸ்தெல்லம்மாரே தெல் கோல்ஃபோ என்ற கடலோர ஊருக்கு வந்தால் உறவுப் பின்னல் இன்னும் அடர்த்தி. போனானோ, மகதீனோ, போன்வென்த்ரே மூன்றும் தமக்குள் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள். ஜோ போனானோவின் தாய் போன்வென்த்ரே வீட்டுப் பெண். எதிர்ப்பக்கம் புச்செல்லாத்தோ குடும்பம். இந்த ஊர்ப் பகை கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தது. 1921இல் நியூஜெர்சியில் கமில்லோ கயோத்சோ என்பவர் கொல்லப்பட்டார். பார்தோலோ ஃபொன்தானா என்ற நாவிதர் தாங்க முடியாமல் நியூயார்க் போலீஸிடம் வந்து, நான்தான் கொன்றேன், கொல்லச் சொல்லி என்னை வற்புறுத்தினார்கள் என்று ஒப்புக்கொண்டார். காரணம், சில வருடங்களுக்கு முன்பு சிசிலியில் நடந்த பியட்ரோ மகதீனோ கொலையில் கயோத்சோவுக்குப் பங்கு இருந்ததாம். ஸ்டெஃபானோ மகதீனோவையும் வீட்டோ போன்வென்த்ரேயையும் பிடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சிசிலியில் விழுந்த ஒரு பிணத்துக்கு நியூஜெர்சியில் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். ஊர் உறவைத் தெரியாமல் இந்தக் கொலைக்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியாது.

பிற்காலத்துத் தலைவர்களிடமும் பழக்கம் மாறவில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கார்லோ காம்பினோ தன் சொந்தக்காரப் பெண் கேதரின் காஸ்தெல்லானோவைத்தான் மணந்தார். அவளுடைய சகோதரர் பால் காஸ்தெல்லானோ. 1976இல் காம்பினோ சாகும்போது தலைமையை மைத்துனரிடம் கொடுத்தார், கீழே இருந்தவர்கள் அதை மறக்கவில்லை, 1985இல் பால் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். வில்லபாத்தே ஊர்க்காரர் ஜோ புரொஃபாசியின் மனைவி, அவருக்குத் துணைத்தலைவராக இருந்த மாலியோக்கோவின் சகோதரி. புரொஃபாசி தன் பெண்கள் இருவரையும் டெட்ராய்ட் தலைவர்களான செரில்லி, தொக்கோ வீடுகளுக்குக் கொடுத்தார். அந்த இரண்டு வீடுகளும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பெண் கொடுத்தவை. 1956இல் புரொஃபாசியின் சகோதரர் மகளை ஜோ போனானோவின் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். அரச குடும்பங்கள் செய்வதை இவர்கள் புரூக்ளினில் செய்தார்கள்.

இந்தத் தேடலில் ஓர் எச்சரிக்கையை எப்போதும் முன்னால் வைத்துக்கொள்கிறேன். உறவு என்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. 1890இல் நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் தலைவர் டேவிட் ஹென்னெசி சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் ஜூரிகள் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. 1891 மார்ச் 14 அன்று ஒரு பெருங்கூட்டம் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அவர்களில் விசாரணையே தொடங்காதவர்களும் இருந்தார்கள். சிசிலிப் பெயர் என்பதே அந்தக் கூட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் யாராவது ஒரு குடும்பப் பெயரைப் பார்த்தவுடன், இவர் அந்த மாஃபியாக்காரரின் பேரன்தானே என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. கோர்லியோனேயில் மொரெல்லோ என்ற பெயரில் எத்தனையோ வீடுகள். அதே ஊர்ப் பதிவேட்டில்தான் பெர்னார்தீனோ வெர்ரோவின் பெயரும் இருக்கிறது. விவசாயக் கூலிகளைத் திரட்டிய சோஷலிஸ்ட், இளமையில் கொஞ்ச காலம் மாஃபியாவுக்குள்ளேயே இழுக்கப்பட்டு, பிறகு அதற்கு எதிராக நின்றவர். ஊர் மேயராக இருந்தபோது 1915 நவம்பர் 3 அன்று அவரைத் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். கோர்லியோனே என்றால் சினிமாவில் வரும் அப்பாவையும் மகனையும் நினைப்பவர்கள், இந்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

உறவு காப்பாற்றும் என்பதும் உண்மையில்லை. கயெத்தானோ ரெய்னா கோர்லியோனேயில் பிறந்தவர், பிராங்க்ஸில் ஐஸ் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த தலைவர். அவருடைய சகோதரி பெர்னார்தா, வின்சென்சோ தெர்ரனோவாவின் மனைவி. அதாவது மொரெல்லோவின் தம்பி மனைவியுடைய சகோதரர்தான் ரெய்னா, நெருங்கிய சம்பந்த வீடு. 1930 பிப்ரவரி 26 அன்று பிராங்க்ஸில் ரெய்னா சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தது மாசேரியா தரப்பு என்பதுதான் பொதுவான கருத்து. அந்த மாசேரியாவுக்குப் பக்கத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவர் மொரெல்லோ. ஆறு மாதத்துக்குள் மொரெல்லோவும் போனார். கணவனையும் சகோதரனையும் ஒரே தொழிலுக்குப் பறிகொடுத்த பெர்னார்தாவைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

ரெய்னாவின் மகள் மில்ட்ரெட். 1932இல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டவர் ஜோ வலாச்சி என்ற சாதாரண அடியாள், பெற்றோர் நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர்கள். வலாச்சியைப் பற்றி எழுதும் எல்லோரும் அவர் 1963இல் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, கோசா நோஸ்த்ரா என்று ஒன்று இருக்கிறது என்று தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு எதிரே சொன்னதைச் சொல்வார்கள். சரிதான், அவ்வளவு வெளிப்படையாக அப்படிப் பேசிய முதல் உறுப்பினர் அவர்தான். அவர் மனைவியின் அத்தைதான் பெர்னார்தா தெர்ரனோவா என்பதை அங்கே யாரும் பேசியதாகத் தெரியவில்லை. வலாச்சி சாட்சியத்தில் ஒற்றைக் கை ஊனமுள்ள பழைய தலைவர் ஒருவரைப் பீட்டர் மொரெல்லோ என்று குறிப்பிட்டார். அதைப் பார்த்து ஜுசெப்பே வேறு, பீட்டர் வேறு என்று சிலர் குழம்பினார்கள். இருவரும் ஒருவரே. வலாச்சி வாய் திறக்கும்படி ஆனதற்குக் காரணம், 1962 ஜூனில் சிறையில் தன் தலைவர் வீட்டோ ஜெனோவீஸ் தன்னைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டார் என்று பயந்து, அந்த ஆள் என்று நினைத்து வேறொரு கைதியை அடித்துக் கொன்றது. அந்தச் சிறை, மொரெல்லோவையும் லூப்போவையும் 1910இல் அடைத்த அதே அட்லாண்டா சிறை.